திறந்த பிறகு சொல்லுங்கள்!

மகளின் கலியாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. அழைப்பிதழும் அச்சாகி வந்துவிட்டது. ஆனால் மகளுக்கென்று கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு இன்னும் கதவு மாட்டவில்லை; கரண்ட் வேலை முடியவில்லை. மேசன் பாஸைக் கேட்டால், "ரெண்டு கிழமைல முடிச்சித் தாறன் ஹாஜியார்" என்கிறார். போன மாதமும் அதையேதான் சொன்னார். அதற்கு முந்திய மாதமும்...

இந்தச் சங்கடத்தை அனுபவித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். முதல் தடவை அவர் சொன்னதை நம்பினீர்கள். இரண்டாம் தடவை அரைமனதோடு தலையாட்டினீர்கள். மூன்றாம் தடவை சத்தம் போட்டிருப்பீர்கள். நாலாம் தடவை அந்த மனிதர் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருந்தாலும் உங்கள் காதில் ஏறியிராது.

இதே கதை ஒரு நாட்டின் தலைநகரத்துக்கே நடந்தது என்றால் நம்புவீர்களா? அதுவும் ஜேர்மனியில்! 'ஜேர்மன் சாமான்' என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று வாப்பாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ஜேர்மனியின் தலைநகரான பேர்லினில், ஒரு விமான நிலையத்தைத் திறக்க நாள் குறித்து, தள்ளிவைத்து, மறுபடி குறித்து, மறுபடி தள்ளிவைத்து, ஒன்பது வருடங்களை ஓட்டினார்கள்.

1989இல் பேர்லின் சுவர் இடிந்து, மறுவருடம் இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றானபோது அந்நகருக்கு மூன்று விமான நிலையங்கள் இருந்தன. மேற்குப் பாதியில் டெம்பல்ஹோபும் டேகலும். கிழக்கே, நகர எல்லைக்கு வெளியே ஷோனபெல்ட். இவற்றுக்குப் பதிலாக ஷோனபெல்டை ஒட்டி ஒரே பெரிய நிலையமாகக் கட்டுவதென்று 1996இல் முடிவாயிற்று. அதற்குப் பின் பத்து வருடம் வழக்கும் வாக்குவாதமுமாகப் போனது. 2006 செப்டெம்பரில் முதல் மண்ணை வெட்டினார்கள். 2011 ஒக்டோபரில் திறப்பு என்றார்கள். முன்னாள் சான்சலர் வில்லி பிராண்டின் பெயரையும் வைத்தார்கள்.

இங்கே டேகல் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1948இல் சோவியத் படையினர் மேற்கு பேர்லினுக்குப் போகும் தரைப்பாதைகளை அடைத்துவிட்டார்கள். மாவும் நிலக்கரியும் மருந்தும் ஆகாய மார்க்கமாகவே வந்தாக வேண்டும். இருந்த ஓடுபாதைகள் போதவில்லை. பிரெஞ்சுப் படையினரின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான பேர்லின்வாசிகள் டேகலில் இரவு பகலாக வேலை செய்தார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் பெண்கள். யுத்தத்தில் இடிந்த கட்டடங்களின் கல்லையும் செங்கல்லையும் நொறுக்கிக் கொட்டி, சுமார் 90 நாட்களில் ஓர் ஓடுபாதையைப் போட்டு முடித்தார்கள். அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே மிக நீளமான ஓடுபாதை அதுதான். பின்னர் 1974இல் அங்கே அறுகோண வடிவில் ஒரு கட்டடம் எழுந்தது. வாடகைக் காரிலிருந்து இறங்கினால் சில எட்டு நடையில் விமானத்தின் வாசல். பேர்லின் மக்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம். கோடை விடுமுறைக்கு மூட்டை முடிச்சுகளோடு துருக்கிக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் அந்த வாசலால்தான் போய் வந்தன. 90 நாளில் ஓடுபாதை போட்ட பெண்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தப் புதிய நிலையத்துக்குக் காத்திருந்தவர்கள்!

2010இல் முதல் தவணை வந்தது. திட்டமிடும் கம்பனியொன்று முறிந்துவிட்டதென்று காரணம் சொல்லி, திறப்பை 2012 ஜூன் 3க்கு மாற்றினார்கள். ஜனங்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. பெரிய வேலை, ஏழெட்டு மாதம் பிந்துவது இயற்கைதானே என்று இருந்துவிட்டார்கள்.

அந்த ஜூன் மாதம் நெருங்கியது. விருந்தினருக்கு அழைப்பிதழ்கள் போயின. விமானக் கம்பனிகள் புதிய நிலையத்தின் பெயரிலேயே டிக்கட் விற்றுவிட்டன. டேகலை ஒரே இரவில் காலிசெய்து, சாமான்களை லொறி லொறியாக ஏற்றிக்கொண்டு போவதற்கு நேர அட்டவணையும் தயார். இந்த நிலையில் மே மாதம் 8ஆம் திகதி, அதாவது திறப்புக்கு 26 நாள் இருக்கும்போது, 'திறக்க முடியாது' என்று அறிவித்தார்கள்.

கலியாணத்துக்கு மூன்றரைக் கிழமை இருக்கையில் வீடு இல்லையென்று சொன்னால் எப்படியிருக்கும்? புதிய கட்டடத்தில் கடை எடுத்து, சாமான் வாங்கி, ஆட்களையும் வேலைக்குப் பேசிவைத்திருந்த சிறு வியாபாரிகளின் கதியை எண்ணிப் பாருங்கள். அருகில் கட்டிய பெரிய ஹோட்டலோ ஒரு விருந்தாளியும் இல்லாமல் வருடக்கணக்காகக் கிடந்தது. குழாயில் தண்ணீர் தேங்கிக் கெட்டுவிடாதிருக்க, ஊழியர்கள் அறை அறையாகப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வந்தார்களாம்.

அப்படி என்னதான் கோளாறு? புகை!

பெரிய கட்டடத்தில் தீப்பிடித்தால் நெருப்பைவிடப் புகைதான் ஆட்களைக் கொல்லும். ஆகவே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் யந்திரங்களும், தாமாகத் திறந்து மூடும் கதவுகளும், அறிவிப்பு ஒலிபெருக்கிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு இயங்க வேண்டும். இங்கே என்ன செய்தார்களென்றால், கூரையின் அழகு கெட்டுவிடும், புகைபோக்கிகள் வேண்டாம் என்று, புகையின் ஒரு பெரும் பகுதியைக் கீழ்ப்பக்கமாக இழுத்து, நிலத்துக்கடியால் வெளியேற்றத் திட்டமிட்டார்கள். புகை மேலே போகும் என்பது அடுப்படியில் நிற்கும் எந்த உம்மாவுக்கும் தெரியும். அதைக் கீழே இழுக்க முயன்றதில், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ராட்சத யந்திர அமைப்பொன்று உண்டாகிவிட்டது. இதைத் திட்டமிட்டதில் முக்கிய பங்கு வகித்தவர் பட்டம் பெற்ற பொறியியலாளரல்லர், ஒரு படவரைஞர்தான் என்ற சங்கதி 2014இல் வெளியானபோது நாடே தலையில் கைவைத்தது.

யந்திரம் இயங்காவிட்டால் என்ன, மனிதர்கள் இருக்கிறார்களே என்று ஒரு யோசனையும் வந்தது. கதவுகளுக்குப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களை நிறுத்திவைப்பது. தீப்பிடித்தால் அவர்கள் கையால் திறந்துவிடுவது! அந்தப் பிரதேசத்துக் கட்டட அனுமதி அலுவலகம் இதை ஏற்கவில்லை. மேலே தலைநகரின் மேயரும் மத்திய அரசின் ஆட்களும். கீழே ஒரு மாவட்ட அலுவலகம். இருந்தும் அது கையெழுத்திட மறுத்தது.

அந்த மறுப்பை நாம் சாதாரணமாக எண்ணக்கூடாது. 1996 ஏப்ரலில் ஜேர்மனியின் டுசல்டோர்ப் விமான நிலையத்தில், வெல்டிங் வேலையின் பொறியிலிருந்து தீ பரவி 17 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது புகைதான். ஆகவே, வாசகர்களே, திறக்காமல் விட்டது குற்றமல்ல. மானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று அன்றைக்கே திறந்திருந்தால் அதுவே பெருங்குற்றம். முடியாது என்று தெரிய வேண்டியவர்கள், கடைசி மாதம் வரை முடியும் முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே, பிழை அங்கேதான் இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மே மாதப் பாடம் போதாதா? போதவில்லை! உடனே 2013 மார்ச் 17 என்றார்கள். பிறகு 2013 ஒக்டோபர் 27. அந்த வருடம் பிறந்த சூட்டோடு, ஜனவரியிலேயே அதுவும் இல்லையென்றாயிற்று. இம்முறை புதுத் திகதி சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நிலையத்தின் தலைமை நிர்வாகி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கண்காணிப்புச் சபையின் தலைவராயிருந்த பேர்லின் மேயர் கிளவுஸ் வோவராய்ட் அந்தத் தலைமைப் பதவியை விட்டார். அடுத்து வந்த நிர்வாகியும் போனார், அதற்கடுத்தவரும் போனார்.

ஏன் இப்படியானது என்று விசாரித்தால், வீடு கட்டிய எவருக்கும் புரியக்கூடிய காரணங்கள்தான். முழு வேலையையும் ஒரே கொந்தராத்துக்காரரிடம் கொடுப்பதென்று முதலில் விலை கேட்டார்கள். கேட்ட விலை கூடவென்று 2007இல் அதைக் கைவிட்டு, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுத்தார்கள். எல்லோரையும் கட்டி மேய்ப்பது அரசாங்கக் கம்பனியின் பொறுப்பாயிற்று. அந்தக் கம்பனிக்கோ பேர்லின், அண்டை மாநிலமான பிராண்டன்பர்க், மத்திய அரசு என்று மூன்று எஜமானர்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே 'இங்கே இன்னும் கொஞ்சம் கடை வரட்டும், அங்கே ஒரு பகுதி கூட்டுங்கள்' என்று படத்தை மாற்றிக்கொண்டேயிருந்தார்கள். சுவர் எழும்பிய பிறகு அறையைப் பெரிதாக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று மேசன் பாஸிடம் கேட்டுப் பாருங்கள்.

சுமார் 2 பில்லியன் யூரோ என்று தொடங்கிய செலவு, முடிவில் ஏறத்தாழ 6 பில்லியன் யூரோவில் வந்து நின்றது.

இனி ஜனங்களின் பக்கம் வருவோம். கோபம் எத்தனை நாளைக்கு இருக்கும்? சில மாதங்களில் அது பகிடியாக மாறியது. பேர்லின்காரர்களின் பகிடிகளில் ஒன்றைச் சொல்கிறேன். 1961 ஜூன் மாதம் கிழக்கு ஜேர்மன் தலைவர் வால்டர் உல்பிரிக்ட், 'சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை' என்று பத்திரிகையாளர் முன்னிலையில் சொன்னார். இரண்டே மாதத்தில் நகரின் குறுக்கே சுவர் எழும்பியது. அந்தப் பொய்யை ஜேர்மனியர் யாரும் மறந்ததில்லை. அதைத்தான் திருப்பிப் போட்டார்கள்: 'விமான நிலையம் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை!' தபாலட்டைகளில்கூட அச்சாகிவிட்ட வாசகம் இது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், ஆட்சியாளரின் வாக்குறுதியை அந்தப் பழைய பொய்யோடு ஒரே தட்டில் வைத்துவிட்டார்களே, அதைக் கவனியுங்கள்.

நையாண்டி செய்ய அவர்களுக்கு விஷயமும் குறையவில்லை. 2013இல், கட்டுப்பாட்டு அமைப்புச் சரிவராததால் ஆளில்லாத கட்டடத்தின் விளக்குகளை அணைக்க முடியவில்லை என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார். நிலத்தடி ரயில் நிலையத்தில் காற்றோட்டத்துக்காக வெறும் ரயில் போய்வந்தது. விமான நேரம் காட்டும் 750 திரைகள், ஒரு விமான நேரத்தையும் காட்டாமலே எரிந்து ஆயுள் முடிந்து, 2018இல் புதிதாக மாற்றப்பட்டன. திறக்காத நிலையத்தைச் சுற்றிக்காட்ட பஸ் சவாரி நடத்தினார்கள். காசு கொடுத்துப் பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள்!

2017 செப்டெம்பர் 24இல், டேகலைத் தொடர்ந்து நடத்த வேண்டுமா என்று பேர்லின் வாக்காளரிடம் கேட்கப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோர் 'வேண்டும்' என்றார்கள். டேகலின் மேலுள்ள பிரியம் ஒரு காரணம். கையிலிருப்பதை விட்டுவிட்டு, வருமென்று சொல்வதை நம்பமாட்டோம் என்பது மற்றது என்றே நான் நினைக்கிறேன். அந்த வாக்கெடுப்பு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. டேகலை மூடும் முடிவும் மாறவில்லை.

அந்த வருடம் பொறுப்பேற்றிருந்த நிர்வாகியின் பெயர் எங்கெல்பர்ட் லுட்கே டால்ட்ருப். வந்தவுடன் திகதி சொல்லவில்லை. மாதக்கணக்கில் கணக்குப் பார்த்து, எதிர்பாராத கோளாறுகளுக்கும் இடம்விட்டு, 2017 டிசெம்பரில் '2020 ஒக்டோபர்' என்றார். ஏறக்குறைய மூன்று வருடத் தவணை! முன்னிருந்தவர்கள் மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லித் தோற்ற இடத்தில், இவர் கசப்பான கணக்கை முழுசாக வெளியே வைத்தார். யார் நம்பினார்கள்? மறுவருடம் லுப்தான்சா நிறுவனத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரே, இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதில்தான் முடியும் என்று பகிரங்கமாக ஆரூடம் சொன்னார். இம்முறை சொன்னது மெய்யான திகதி. ஆனாலும் முந்தியவர்கள் பட்ட கடனை இந்த மனிதர்தான் அடைக்க வேண்டியிருந்தது.

2020ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் தொண்டர்களாக வந்து, பயணிகளைப்போல பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்று, பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட்டு, இல்லாத விமானங்களுக்காகக் காத்திருந்து ஒத்திகை பார்த்தார்கள். சொன்னபடியே ஒக்டோபர் 31இல் கதவு திறந்தது. கோலாகலம் எதுவும் வைக்கவில்லை. சும்மா திறப்போம் என்று நிர்வாகி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கொரோனாக் காலம் வேறு, பயணிகள் சொற்பம். திறக்கும் திறக்கும் என்று ஒன்பது வருடம் காத்த நிலையம் திறந்தபோது, பறப்பதற்கு ஆளில்லை.

ஒரு கிழமை கழித்து, நவம்பர் 8இல், டேகலிலிருந்து கடைசிப் பயணிகள் விமானம் புறப்பட்டது. 1960இல் அங்கே முதன்முதலாகக் கிரமமான பயணச் சேவை நடத்திய ஏர் பிரான்ஸுக்கே அந்தக் கடைசிப் பயணத்தையும் கொடுத்திருந்தார்கள். விமானம் பாரிஸை நோக்கி எழும்பியது. 90 நாளில் பிறந்த நிலையம், அன்றோடு மூடிக்கொண்டது.