மறதிநோயும் மண்ணின் நினைவும்: வியட்நாமில் அறிகைத் தூண்டற் சிகிச்சை

மறதிநோயாளரின் சிந்தனையைக் குழுச் செயற்பாடுகளால் பேண முயலும் முறைகளுள் அறிகைத் தூண்டற் சிகிச்சை குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டரும் அவர்தம் குழுவினரும் 201 பேரைக்கொண்டு நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வு அதன் பயனை எடுத்துக்காட்டிற்று. ஏழு வாரங்களில் 14 அமர்வுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ முக்கால் மணிநேரம். உணவு, இளமைக்காலம், பணம், சொல் விளையாட்டு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. தகவலைச் சோதியாது கருத்தைக் கேட்பதே இதன் அடிப்படை நெறியாகும்.

இதனை வியட்நாமுக்குக் கொண்டுசெல்ல மொழிபெயர்ப்பு மட்டும் போதுமா? போதாது என்பதே எமது கருத்து. முதற்கண் விளிப்பினை நோக்குவோம். ஆங்கிலேயர் குழுவில் யாவரையும் பெயர்சொல்லி அழைக்கலாம். வியட்நாமிய மொழியிலோ 'நான்', 'நீ' என்பவற்றின் இடத்தில் பெரும்பாலும் உறவுச் சொற்களே நிற்கின்றன. இளம் தாதியொருத்தி முதியவரைப் 'பாட்டனார்' என விளித்துத் தன்னைப் 'பேத்தி' எனக் குறிப்பிடுவதே அங்கு முறை. இது தவறின் முதியவரின் மதிப்புக் குன்றும். மதிப்புக் குன்றிய இடத்தில் அவர் வாய்திறவார்.

அமர்வுகளின் பொருளும் அவ்வாறே மாறவேண்டும். பணம் பற்றிய அமர்வில் இன்றைய விலைகளைவிட, 1986 இன் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்கு முன் அரிசிக்கும் துணிக்கும் வழங்கப்பட்ட பங்கீட்டுச் சீட்டுக்களே பேச்சைத் தூண்டவல்லன. நாளினை அறியச் சூரிய நாட்காட்டியோடு சந்திர நாட்காட்டியும் தேவை. 'தெட்' எனும் புத்தாண்டு பிந்தியதையே சார்ந்தது. எழுத்தறியாதோரும் மனனஞ் செய்து ஓதிவந்த 'கியூவின் கதை' போன்ற செய்யுள்கள் சொல் விளையாட்டுக்கு ஏற்ற ஊற்றுக்களாகும்.

ஆயினும் இளமைக்காலம் என்ற பொருளை எச்சரிக்கையுடன் கையாளல் வேண்டும். வடபகுதியை வாட்டிய 1945 ஆம் ஆண்டுப் பஞ்சம், 1954 இன் நாட்டுப் பிரிவினை, 1975 வரை நீடித்த போர் என்பன இம்முதியோரின் இளமையோடு பின்னிக்கிடக்கின்றன. இங்கிலாந்தில் இனிய நினைவை எழுப்பும் வினா, அங்கே இழந்த உடன்பிறப்பின் முகத்தைக் கொண்டுவரக்கூடும். விரும்பாதோர் மௌனமாயிருக்கவும் உரிமை வேண்டும்.

அமர்வுகளின் எண்ணிக்கையும் கருத்தைக் கேட்கும் நெறியும் மாறாதிருக்கட்டும். ஏனையவற்றை அம்மக்களே, சிறப்பாக நோயாளரைப் பேணும் மனைவியரும் மகள்மாரும் மருமக்களும், தீர்மானிக்கட்டும். தான் என்றுமே அறிந்திராத ஒன்றை வினவி, விடை வராமையை மறதியெனக் கணிப்பது மருத்துவமாகாது. அது முதியவருக்கு இழைக்கும் அநீதியேயாகும்.