காலடியில் ஐந்து பெட்டிகள்

என் பேஸ் கிட்டாருக்கு முன்னால், மேடைத் தரையில், ஒரு காலத்தில் ஐந்து சின்ன இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான். இரண்டு மூன்று திருகுகள், காலால் மிதிக்க ஒரு பொத்தான். எஃபெக்ட் பெடல் என்பார்கள். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே இணைத்தால் ஒலியின் குணத்தையே மாற்றிவிடும். ஐந்தையும் வாங்க நான் செலவழித்தது 1,090 வெள்ளி. இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.

பணம் போன கதை மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் பெட்டிகளை நான் வாங்கியது ஆசைக்காக அல்ல, பயத்தில்.

வார நாள்களில் நான் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவன். வார இறுதியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். திருமண விருந்து, கோயில் விழா, சமூக மன்றத் தீபாவளி இரவு என்று 19 ஆண்டுகள் ஓடிவிட்டன. பாடகரைப் பார்த்துக் கைதட்டுவார்கள், டிரம்ஸ் வாசிப்பவரைப் படம் எடுப்பார்கள். பேஸ் வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை.

ஒரு திருமண விருந்து முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, குழுவை நடத்தும் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

“தம்பி, பேஸு கேக்கவே மாட்டேங்குதேப்பா. புதுப் பாட்டுக்கெல்லாம் கீபோர்டுலயே பேஸ் வந்துடுது. யோசிக்கணும்.”

‘யோசிக்கணும்’ என்ற அந்தச் சொல் வீடுவரை கூடவே வந்தது. எனக்குத் தெரிந்த சில குழுக்களில் பேஸ் கிட்டார் ஏற்கெனவே போய்விட்டது. கீபோர்டு வாசிப்பவரின் இடது கை அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஓர் ஆள் சம்பளம் மிச்சம், வேனில் ஓர் ஆள் இடம் மிச்சம். அண்ணன் கெட்டவர் அல்லர். அவர் கணக்கு அவருக்கு.

அடுத்த சனிக்கிழமையே கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா கடைத்தொகுதிக்குப் போனேன். கிட்டார் வாசிப்பவர்களுக்கு அந்த இடம் தெரியாமல் இருக்காது.

கடையில் புலி, மேடையில் பூனை

முதலில் வாங்கியது ஓவர்டிரைவ், 190 வெள்ளி. ஒலியை வேண்டுமென்றே சற்று உடைத்துக் கரகரப்பைச் சேர்ப்பது இதன் வேலை. கடையில் தனியாக வாசித்தபோது புலிபோல் உறுமியது. அடுத்த நிகழ்ச்சியில் மூன்றாவது பாட்டுக்கு மிதித்தேன். சத்தம் கூடும் என்று பார்த்தால், இருந்த பேஸும் காணாமல் போனது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி அதில் பாதி, ஏறத்தாழ 41 முறை. கிட்டாருக்காகச் செய்யப்பட்ட பல ஓவர்டிரைவ் பெடல்கள், ஒலி சேறாகிவிடக் கூடாது என்பதற்காகத் தாழ்ந்த அதிர்வுகளை முதலில் குறைத்துவிட்டுத்தான் கரகரப்பைச் சேர்க்கின்றன. கிட்டாருக்கு அது நன்மை. பேஸுக்கோ, காலை வெட்டிவிட்டுச் செருப்பு மாட்டிய கதை. பேஸுக்கென்றே வரும் பெடல்கள் பலவற்றில், மாறாத ஒலியையும் மாறிய ஒலியையும் கலக்கத் தனியாக ஒரு திருகு இருக்கும். நான் வாங்கியதில் அது இல்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்கவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கோரஸ், 160 வெள்ளி. நம் ஒலியின் நகல் ஒன்றைச் சில மில்லிநொடிகள் தாமதப்படுத்தி, சுருதியை மிகச் சிறிது அலையவிட்டு, மூல ஒலியோடு சேர்க்கும். இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். மேல் தந்திகளில் கேட்க அவ்வளவு இனிமை. தாழ்ந்த தந்திக்கு இறங்கியபோது அடித்தளமே ஆடியது. பாடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, “சுருதி போச்சா அண்ணே?” என்று கண்ணாலேயே கேட்டார்.

மூன்றாவது ஆக்டேவ் பெடல், 220 வெள்ளி. நாம் வாசிக்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைச் சேர்க்கும். ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஓசி-2 இந்த வகையில் இன்றும் பேசப்படுகிறது. என்னுடையது அது அல்ல, வேறொன்று. கீபோர்டின் கனத்த பேஸை இதைக் கொண்டு பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் 41இல் பாதி ஏறத்தாழ 20. மனிதக் காது கேட்கத் தொடங்கும் எல்லையே ஏறக்குறைய அதுதான். கீழ்த்தந்தியில் வாசித்தால் பெடலுக்குச் சுரம் பிடிபடாமல், தொண்டையில் தண்ணீர் சிக்கியதுபோல் கொப்புளித்தது.

நான்காவது ஃபில்டர் பெடல், 280 வெள்ளி. தந்தியைத் தட்டும் வேகத்துக்கு ஏற்ப ‘வாவ்’ என்று வாய் திறக்கும். ஸ்டீவி வொண்டர் 1973இல் ‘ஹையர் கிரவுண்ட்’ பாடலுக்குக் கிளாவினெட் என்ற இசைக்கருவியை இத்தகைய ஃபில்டர் வழியாகத்தான் வாசித்தார். அவர் கைக்கு அது பேசியது. என் கைக்கு, ஒரு சுரம் ‘வாவ்’ என்றது, அடுத்த சுரம் ‘உம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. 19 ஆண்டுகளாக என் விரல்கள் ஒரே அளவாகத் தட்டுகின்றன என்று நம்பியிருந்தேன். அந்தப் பெட்டி இல்லை என்றது.

அதைச் சரிக்கட்ட ஐந்தாவதாக ஒரு கம்ப்ரஸர், 240 வெள்ளி. உரத்த சுரத்தை அடக்கி, மெல்லிய சுரத்தை உயர்த்தி, இரண்டையும் சமன் செய்யும். வீட்டில் மிதித்தும் மிதிக்காமலும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “ஏங்க, இப்ப போட்டிருக்கீங்களா, போடலையா?” என்றார். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

வீட்டுக் காது, மேடைக் காது

இத்தனைக்கும் ஒவ்வொரு பெடலையும் வீட்டில் மணிக்கணக்கில் திருகித் திருகிச் சரிபார்த்துவிட்டுத்தான் மேடைக்குக் கொண்டுபோவேன். தவறு அங்கேதான் நடந்தது என்பது மெல்லத் தெரிந்தது.

நான் இருப்பது வீவக வீட்டில். இரவு நேரத்தில், அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் மெதுவாகத்தான் வாசிக்க முடியும். ஒலி மெதுவாக இருக்கும்போது, தாழ்ந்த அதிர்வுகளை நம் காது மற்றவற்றைவிடக் குறைவாகவே உணர்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். போதவில்லையே என்று வீட்டில் பேஸ் திருகை ஏற்றி வைப்பேன். அதே அளவை மேடையில் உரக்க வைத்தால் மண்டபம் முழுக்க ‘ஊம்’ என்ற இரைச்சல்தான் நிறையும்.

கடையில் நடப்பது அதற்கு நேர்மாறு. அங்கே கூட டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை, பாடகர் இல்லை. நம் ஒலி ஒன்றுதான். பெடலை மிதித்ததும் சத்தம் கொஞ்சம் கூடினால் போதும், ‘ஆகா, நன்றாக இருக்கிறதே’ என்று காது முடிவு கட்டிவிடும். உரத்தது எல்லாம் நல்லது என்று நம்புவது காதின் பழக்கம்.

பத்து மீட்டர் வயர்

அடுத்து ஒரு சமூக மன்ற மண்டபத்தில் நிகழ்ச்சி. அன்று நீளமான வயர் ஒன்றை எடுத்துப்போனேன். ஒத்திகையின்போது கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே மேடையைவிட்டு இறங்கி, ஐந்தாவது வரிசை மேசை வரை நடந்து நின்று வாசித்தேன். 19 ஆண்டுகளில் நான் பார்வையாளர் பக்கம் நின்று எங்கள் குழுவைக் கேட்டது அதுவே முதல் முறை.

என் பேஸ் இருந்தது. ஆனால் அதற்கு விளிம்பு இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத ஒரு முனகல். இன்னொன்றும் கேட்டது. நான் வாசிக்கும் அதே சுரங்களை வேறு யாரோ வாசிக்கிறார்கள்.

நான் வாசிப்பதை நிறுத்தினேன். பேஸ் நிற்கவில்லை.

இடைவேளையில் கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் போனேன். 26 வயது. கெட்டிக்காரப் பையன். கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“இல்லண்ணே... உங்க பேஸ் கேக்கலன்னு பெரியண்ணன் சொன்னாரு. அதான் நான் லெஃப்ட் ஹேண்டுல கொஞ்சம் சேர்த்துக்கிட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“எப்பலேர்ந்து?”

“மூணு மாசம் இருக்கும்ணே.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. ஒரே தாழ்ந்த இடத்தில் இரண்டு பேர் வாசித்தால் ஒருவர் ஒலி இன்னொருவர் ஒலியை மறைத்துவிடும். பேஸ் கேட்கவில்லை என்று அவன் சேர்க்க, அவன் சேர்த்ததால் என் பேஸ் இன்னும் கேட்காமல் போக, நான் பெடல் மேல் பெடலாக வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால், ‘உன் இடம் போகப்போகிறது’ என்ற பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

அன்று இரண்டாம் பாதியில் ஐந்து பெடல்களையும் கழற்றி வைத்தேன். கிட்டாரிலிருந்து நேரே ஆம்ப்ளிஃபையர். பேஸ் திருகைக் குறைத்து, நடு ஒலிக்கான திருகைக் கூட்டினேன். வீட்டில் தனியாகக் கேட்டால் அந்த ஒலி கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். டிரம்ஸோடு சேர்ந்தபோது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றது. தம்பி இடது கையை மடியில் வைத்துக்கொண்டான். 1980இல் வந்த ‘மூடுபனி’ படத்தின் கிட்டார் பாடலை வாசித்தோம். அண்ணன் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கையின் ஒரே விரலால் தந்தியைத் தட்டுவார் என்பார்கள். காலடியில் பெட்டி எதுவும் இல்லாமல், ஒலிப்பதிவுக்கூட மிக்சரில் நேரே செருகித்தான் வாசித்தார். அவர் எங்கே, நான் எங்கே. ஆனாலும் அன்று இரவு வேனில் அவர் நினைவு வந்தது.

முடிவு என்ன ஆனது?

எல்லாம் சுபம் என்று சொல்ல ஆசைதான். அடுத்த வாரம் அண்ணன் அழைத்துப் பேசினார். “பழைய பாட்டுக்கு நீ இல்லாம முடியாதுப்பா. புதுப் பாட்டு அவன் பாத்துக்கட்டும்.” நியாயமான தீர்ப்பு. புதிய பாடல்கள் பலவற்றின் பேஸ், கணினியிலோ கீபோர்டிலோ பிறந்தது. அதை ஒரு பெடலை வைத்து நான் போலிசெய்வதைவிட, அவன் கையில் அது உண்மையாகவே இருக்கிறது. அந்தப் பாடல்களுக்கு நான் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில வாரங்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போது பழகிவிட்டது.

பெடல் வாங்க நினைக்கும் இளையர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். சொந்தக் கிட்டாரைக் கடைக்குக் கொண்டுபோய், அதில் வாசித்துப் பாருங்கள். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி திருகைச் சரிசெய்த பிறகே இரண்டையும் ஒப்பிடுங்கள். கலக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் நண்பரிடம் இரவல் வாங்கி, குழுவோடு ஓர் ஒத்திகையில் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். இது எந்தப் பாட்டுக்கு, எந்த இடத்துக்கு என்று சொல்ல முடியவில்லை என்றால் பணப்பையை மூடிவிடுங்கள்.

கம்ப்ரஸரை வைத்துக்கொண்டேன். மனைவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடக்கமாக வேலை செய்வதுதான் அதன் குணம் என்று இப்போது தெரிகிறது. மற்ற நான்கையும் இணையத்தில் விற்றேன். 850 வெள்ளிக்கு வாங்கியவை 610 வெள்ளிக்குப் போயின.

ஆக்டேவ் பெடலை வாங்க ஒரு பையன் வந்தான். தேசிய சேவை முடித்த வயது. முதுகில் பேஸ் கிட்டார். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பணத்தைக் கையில் எடுத்துவிட்டான். பேசாமல் வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். மனம் கேட்கவில்லை.

“தம்பி, இது கீழ்த்தந்தியில சரியா வராது. நான் ஏமாந்தேன். மேல வந்து வாசிச்சுப் பாத்துட்டு வாங்கிக்க.”

வீட்டுக்கு வந்தான். இணைத்தான். கீழ்த்தந்திப் பக்கமே போகவில்லை. கழுத்தின் மேல் பகுதியில், மெல்லிய தந்திகளில், பாடுவதுபோல் ஒரு மெட்டை வாசித்தான். கீழிருந்து ஒரு ஸ்தாயி அதைத் தாங்கிக்கொண்டு வந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். அந்தப் பெட்டிக்குள் அப்படி ஓர் ஒலி இருந்தது எனக்குத் தெரியாது.

“இதுதான் அங்கிள் எனக்கு வேணும்” என்றான்.

பேசிய விலையில் 20 வெள்ளியைக் குறைத்துக்கொண்டு கொடுத்தேன்.