பாட்டிக்கு ஒரு வாடகை வண்டி!

காலை 9 மணி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம். ஆர்லாண்டோ நகரத்துக்கு அருகே உள்ள டிஸ்னி வேர்ல்டு வாசலில் திருவிழாக் கூட்டம்!

அப்பா டிக்கெட்டுகளைச் சரி பார்க்கிறார். அம்மா தண்ணீர்ப் பாட்டில்களை எண்ணுகிறாள். பேரனும் பேத்தியும் நின்ற இடத்தில் நிற்காமல் குதிக்கிறார்கள்.

பாட்டி மட்டும் ஓரமாக நிற்கிறாள். வயது 74. முழங்காலில் தேய்மானம். வீட்டுக்குள் நடமாடுவாள், கடைக்குப் போய் வருவாள். அதற்கு மேல் நடந்தால் கால் வீங்கிவிடும்.

“நீங்கள் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்” என்கிறாள் பாட்டி.

இது ஏதோ ஒரு வீட்டுப் பாட்டியின் பேச்சு மட்டும் அல்ல. தாத்தா பாட்டியோடு வரும் எத்தனையோ குடும்பங்களில் இதே பேச்சுத்தான்.

பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போவதா? பாட்டியோடு எல்லாருமே திரும்பிவிடுவதா? இரண்டும் வேண்டாம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதுதான் வாடகை ஸ்கூட்டர்!

ஊர் அளவு பெரிய பூங்கா

டிஸ்னி வேர்ல்டு 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 40 சதுர மைல். சான்பிரான்சிஸ்கோ நகரத்தின் பரப்புக்கு ஏறக்குறைய சமம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அதற்குள் 4 பெரிய பூங்காக்கள் உள்ளன. 1971-ல் முதல் பூங்கா வந்தது. 1982, 1989, 1998 ஆகிய ஆண்டுகளில் மற்ற மூன்றும் வந்தன.

“எப்காட்” என்ற பூங்காவில் ஓர் ஏரி உண்டு. அதைச் சுற்றி 11 நாடுகளின் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. அந்த ஏரியை ஒரு தடவை சுற்றி வந்தாலே ஒரு மைலுக்கு மேல் ஆகிவிடும். காலை முதல் இரவு வரை சுற்றினால் 10 கிலோமீட்டருக்கு மேல் நடை! கோடைக்காலத்தில் வெயில் வேறு 32 டிகிரிக்கு மேல் கொளுத்தும்.

நல்ல உடம்புக்காரரே மாலையில் சோர்ந்துவிடுவார். மூட்டு வலிக்காரர் என்ன செய்வார்? இருதய நோய் உள்ளவர் என்ன செய்வார்?

பெஞ்சில் பிறந்த யோசனை

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இந்தப் பூங்காக்களின் கதையே ஒரு பெஞ்சில்தான் தொடங்கியது!

வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண் குழந்தைகள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிரிபித் பார்க் என்ற இடத்தில் குடைராட்டினம் ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் குழந்தைகளை அங்கே அழைத்துப் போவார். குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்தே மகிழ ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வளர்ந்தது. 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டது.

புளோரிடா பூங்காவைப் பார்க்க வால்ட் டிஸ்னிக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1966-ல் அவர் காலமானார். அண்ணன் ராய் டிஸ்னி, தாம் ஓய்வு பெறுவதைத் தள்ளிப்போட்டுவிட்டு வேலையை முடித்தார். தம்பியின் முழுப்பெயரும் விளங்கும்படி “வால்ட் டிஸ்னி வேர்ல்டு” என்று பெயர் வைத்தார். திறப்பு விழா நடந்தபோது அண்ணனுக்கு வயது 78!

பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று பிறந்த இடம் அது. அங்கே வந்தும் பாட்டி பெஞ்சில் உட்காரலாமா?

ஸ்கூட்டர் பிறந்த கதை

ஸ்கூட்டர் என்றதும் பெட்ரோல் ஊற்றி ஓட்டும் இரண்டு சக்கர வண்டி என்று எண்ண வேண்டாம். இது வேறு. மூன்று அல்லது நான்கு சிறு சக்கரங்கள். நடுவில் சாய்மானத்தோடு ஓர் ஆசனம். முன்னால் கைப்பிடி. பாட்டரியில் ஓடும். புகை இல்லை, சத்தம் இல்லை.

இந்த வண்டியும் ஒரு குடும்பத்தின் கஷ்டத்தில்தான் பிறந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தவர் ஆலன் தீம். அவருடைய குடும்பத்தில் ஒருவருக்கு நரம்பு நோய் வந்தது. நடை தளர்ந்தது. அவருக்கு உதவியாக 1968-ல் இப்படி ஒரு மின்சார வண்டியை ஆலன் தீம் செய்தார். அதற்கு “அமிகோ” என்று பெயர் சூட்டினார். ஸ்பானிய மொழியில் அமிகோ என்றால் நண்பன் என்று பொருள்.

நடக்க முடியாதவருக்கு நண்பன்! பொருத்தமான பெயர் அல்லவா?

ஆமையும் முயலும்

வண்டியை ஓட்டுவது கடினம் அல்ல. கைப்பிடியின் அருகே ஒரு சிறு விசை இருக்கும். அதை விரலால் அழுத்தினால் வண்டி நகரும். விரலை எடுத்துவிட்டால் தானாகவே நின்றுவிடும். பின்னால் போகவும் விசை உண்டு.

பல வண்டிகளில் வேகத்துக்கு ஒரு திருகு இருக்கும். ஒரு பக்கம் ஆமைப் படம். மறுபக்கம் முயல் படம். ஆமைப் பக்கம் திருப்பினால் மெதுவாகப் போகும். முயல் பக்கம் திருப்பினால் வேகம். அந்த வேகமும் விரைவாக நடப்பவரின் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

கூட்டத்தில் எப்போதும் ஆமைதான் நல்லது. முன்னால் போகிறவர் படம் எடுக்கத் திடீர் என்று நிற்பார். குழந்தை குறுக்கே ஓடும். முயல் வேகத்தில் போனால் யாருடைய குதிகாலிலாவது வண்டி இடித்துவிடும்!

எங்கே எடுப்பது?

வாடகைக்கு எடுக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: பூங்காவுக்கு உள்ளேயே எடுக்கலாம். ஒரு நாள் வாடகை 50 டாலருக்கு மேல் ஆகும். முன்பணமும் கட்ட வேண்டும். வண்டியை ஒப்படைத்ததும் அது திரும்பக் கிடைக்கும். 18 வயது நிரம்பியவர்தான் எடுக்கலாம். முன்கூட்டிச் சொல்லி வைக்க முடியாது. காலையில் முந்தி வருகிறவருக்கே வண்டி. பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது.

இரண்டாவது வழி: வெளியே உள்ள வாடகைக் கம்பெனிகளில் எடுக்கலாம். பல நாட்கள் தங்குகிறவர்களுக்கு இதுவே சிக்கனம். வண்டியை ஓட்டலுக்கே கொண்டுவந்து தருவார்கள். அறையிலிருந்து பஸ் வரைக்கும், பஸ்ஸிலிருந்து பூங்கா வரைக்கும் அதே வண்டியில் போகலாம். இரவில் அறையில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது நம் பொறுப்பு. மறந்தால் மறுநாள் மத்தியானம் நடுவழியில் நின்றுவிடும்!

நடை சிறிதளவே முடிகிறவருக்கு ஸ்கூட்டர் சரி. கண்பார்வை மங்கியவருக்கும், கை நடுக்கம் உள்ளவருக்கும் அது சரிப்படாது. அவர்களுக்குச் சக்கர நாற்காலியே மேல். அதன் வாடகையும் மிகக் குறைவு. ஆனால் தள்ளுவதற்கு ஆள் வேண்டும்.

வரிசையில் முந்தலாமா?

“ஸ்கூட்டரில் போனால் வரிசையில் நிற்காமல் முன்னால் போய்விடலாம்” என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெரும்பாலான இடங்களில் வரிசைப் பாதை வண்டி போகும் அளவுக்கு அகலமாக இருக்கிறது. எல்லாரோடும் சேர்ந்தே காத்திருக்க வேண்டும். உட்கார்ந்தபடி காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

2013-ம் ஆண்டில் ஒரு செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. சில பணக்காரக் குடும்பங்கள், மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தி அழைத்துவந்து, அவர்களைக் காட்டி வரிசையில் முந்துவதாக நியூயார்க் பத்திரிகை ஒன்று எழுதியது. அதே ஆண்டு அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் பழைய சலுகை முறையை மாற்றிவிட்டது. சிலர் செய்த தந்திரத்தால் உண்மையாகவே தேவைப்பட்டவர்களுக்கும் சிரமம்!

எல்லாச் சவாரிகளுக்கும் ஒரே விதி இல்லை. சில நாடகக் கொட்டகைகளில் ஸ்கூட்டரோடு உள்ளே போகலாம். சில சவாரிகளில் ஸ்கூட்டரை விட்டுச் சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்க்கும் “கிளிமஞ்சாரோ சபாரி” அந்த வகை. மலை ரெயில் போன்ற சவாரிகளில் எழுந்து நின்று சவாரியின் ஆசனத்தில் ஏற வேண்டும். வாசலில் உள்ள ஊழியரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மறக்கக் கூடாதவை

ஒரு வண்டியில் ஒருவர்தான் போகலாம். பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆசை இருந்தாலும் அது ஆபத்து.

சரிவில் நேராக ஏற வேண்டும். வேகமாகப் போகும்போது சட்டென்று திருப்பக் கூடாது. மூன்று சக்கர வண்டி சாய்ந்துவிடும்.

பஸ்ஸில் ஏறும்போது ஆமை வேகம். உள்ளே போனதும் டிரைவர் வண்டியைப் பட்டையால் கட்டிவிடுவார்.

புளோரிடாவில் கோடையில் மாலை மழை அதிகம். கைப்பிடி விசைகளை மூட ஒரு பிளாஸ்டிக் பை கையோடு இருக்கட்டும்.

வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி வண்டிகள் பல நிற்கும். கைப்பிடியில் ஒரு வர்ண ரிப்பன் கட்டிவைத்தால் நம் வண்டி எது என்று சட்டெனத் தெரியும்.

மனம்தான் பெரிய தடை

எல்லாம் சரி. பாட்டி ஏற வேண்டுமே! அதுதான் பெரிய பாடு.

“எனக்கு என்ன வந்துவிட்டது? ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” என்பார்கள் பெரியவர்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெற்றோரும் இதையேதான் சொல்வார்கள். இன்னொருவர் தயவில் இருக்கக் கூடாது என்ற ரோஷம் அது. அந்த ரோஷத்தைக் குறை சொல்லக் கூடாது.

“உங்களால் நடக்க முடியாது” என்று சொன்னால் பெரியவர்கள் மனம் நோகும். “நீங்கள் இல்லாமல் நாங்கள் போக மாட்டோம்” என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும். புறப்படுவதற்கு முன்பே, ஊரிலேயே, அவர்களையும் வைத்துக்கொண்டு இதைப் பேசி முடிப்பது நல்லது. வாசலில் நின்று, கூட்டத்துக்கு நடுவில் பேசக் கூடாது.

உண்மையில் ஸ்கூட்டர் யார் தயவிலும் ஓடுவது இல்லை. ஓட்டுகிறவர் பாட்டி. நிறுத்துகிறவரும் பாட்டி. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறவரும் பாட்டிதான்!

மாலை வேளை. அந்த வாசல் பெஞ்ச் காலியாகக் கிடக்கிறது. பாட்டி முன்னால் வண்டியில் போகிறாள். பேரனும் பேத்தியும் இரு பக்கமும் நடக்கிறார்கள்.

“பாட்டி! கொஞ்சம் மெதுவாகப் போங்கள்! எங்களுக்குக் கால் வலிக்கிறது!” என்று கத்துகிறான் பேரன்.

பாட்டி சிரித்துக்கொண்டே திருகை ஆமைப் பக்கம் திருப்புகிறாள்.