ஏழு வருஷம் தள்ளிப்போன கோடியக்கரை டிரிப்... வெளிமான், பூநாரை, ஆமைக்குஞ்சுகள், கூடவே ஒரு தோழி!

“கடல்னு சொன்னீங்க... இதுல எப்படிம்மா குளிக்கிறது?”

கோடியக்கரை மணலில் கால் வைத்ததும் அந்த எட்டு வயதுச் சிறுமி கேட்ட முதல் கேள்வி இது. கேட்டதில் தப்பே இல்லை. மெரினா, கோவளம் என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்தக் கரை கொஞ்சம் ஏமாற்றம்தான். பெரிய அலை இல்லை, பஜ்ஜிக் கடை வரிசை இல்லை, குதிரைச் சவாரி இல்லை. குதிரைகள் மட்டும் உண்டு. ஆனால், அவை யாரையும் முதுகில் ஏற்றிக்கொள்ளாது!

சிறுமியின் அம்மா சென்னையில் ஐ.டி வேலையில் இருப்பவர். பிப்ரவரிக் கடைசியில் கிடைத்த மூன்று நாள் லீவில், ஈ.சி.ஆர் பக்கம் ஏதாவது ஒரு ரிசார்ட்டில் படுத்துக்கிடக்கலாம் என்பதுதான் முதல் பிளான். அதை மாற்றியது, வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு போட்டோ. தென்னை மரம், அதில் ஒரு குலை இளநீர். கீழே ஒரே வரி: “முதல் காய்ப்பு. வர்றியா?”

தஞ்சாவூரில் படித்தபோது இருவரும் மூன்று வருடம் ஒரே ஹாஸ்டல் அறை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, தோழி வீட்டுத் தோப்பில் மிஞ்சியவை நான்கே நான்கு தென்னைகள். மாமரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. சென்னைத் தோழி அப்போது கைக்குழந்தைக்காரி. உடனே பணம் அனுப்பினார். “அடுத்த மாசம் வந்துடுறேன்டி” என்றார். வரவில்லை. பிறகு கொரோனா, வேலை மாற்றம், வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல்... எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

“கோபம்லாம் இல்லங்க. ஆனா, பணம் போட்டுவிட்டா வந்து பார்த்த மாதிரி ஆயிடுமான்னு ஒருநாள் மனசுக்குள்ள தோணுச்சு. அதைச் சொல்லாமலே ஏழு வருஷம் போயிடுச்சு” என்கிறார் வேதாரண்யத்துத் தோழி.

வீட்டு வாசலில் முதலில் யார் அழுதார்கள் என்பதில் இருவருக்கும் இன்னமும் கருத்து வேறுபாடு இருக்கிறது. சிறுமி “ஹாய் ஆன்ட்டி” என்றதும், “ஆன்ட்டி எல்லாம் வேணாம் தங்கம், பெரியம்மான்னு கூப்பிடு” என்று அந்த இடத்தைச் சிரிப்பாக்கியவரும் தோழிதான்.

கொம்பு யாருக்கு உண்டு?

மறுநாள் விடிந்ததும் சரணாலயம். வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1967-ல் அறிவிக்கப்பட்ட இந்தச் சரணாலயத்தின் நாயகன் வெளிமான். முறுக்கிய கொம்பும் கரும்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்பது ஆண். பெண் மானுக்கு வெளிர்பழுப்பு நிறம், கொம்பு இல்லை. வெளிமானுக்கு அடர்ந்த காடு பிடிக்காது. எதிரி வருவது தூரத்திலேயே தெரிகிற புல்வெளிதான் வேண்டும். அந்தப் புல்வெளியைத்தான் சீமைக் கருவேலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. கஜா அடித்தபோது மான்களும் தப்பவில்லை. அலை இழுத்துச் சென்ற மான்களின் உடல்கள் காரைக்கால் வரை கரை ஒதுங்கின.

வண்டிச் சத்தம் கேட்டு ஒரு பெண் மான் துள்ள, பின்னாலேயே கூட்டம் முழுக்கத் துள்ளியது. சிறுமி வாயைத் திறந்தவள் மூடவே இல்லை. கொஞ்சம் தள்ளி, எந்த அவசரமும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன மட்டக்குதிரைகள். எப்போதோ மனிதர்களிடம் இருந்து, பிறகு காட்டோடு காடாகிவிட்ட குதிரைகளின் வாரிசுகள் இவை. ஒரு எச்சரிக்கை: இங்கே குரங்குகளும் உண்டு. கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்கினால் அது உங்களுடையது அல்ல!

பூநாரைகளைப் பார்க்கச் சதுப்பு நிலத்துப் பக்கம் போக வேண்டும். வெறும் கண்ணுக்கு, தண்ணீரின் விளிம்பில் யாரோ இளஞ்சிவப்பு சாக்பீஸால் கோடு போட்டதுபோலத்தான் தெரியும். பைனாகுலர் எடுத்துப்போவது நல்லது. அவை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டிச் சாப்பிடுகின்றன. அந்த இளஞ்சிவப்பே சாப்பாட்டிலிருந்து வருவதுதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளுக்கு நல்ல சீசன். ஆனால், எத்தனை பறவைகள் கண்ணில் படும் என்பதை அந்த வருடத்து மழையும் தண்ணீரின் ஆழமும்தான் தீர்மானிக்கும். 2002-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த ஈரநிலம் இது.

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் பூங்குழலியைத் தேடாமல் திரும்ப மாட்டார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கத்தை 2004 சுனாமி சிதைத்துவிட்டது. இடிபாடுதான் மிச்சம். வழியில் அகஸ்தியம்பள்ளியில், 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளியதன் நினைவு ஸ்தூபியையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள்.

உள்ளங்கை அளவு உயிர்

மூன்றாம் நாள் வனத்துறை, ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விட்டது. ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து இந்தக் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு நூறு முட்டைபோல இடும். நாயும் நரியும் தோண்டிவிடாமலிருக்க, ஊழியர்கள் அவற்றை எடுத்துவந்து பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். ஏறக்குறைய 45 முதல் 60 நாள்களில் குஞ்சு வெளியே வரும். உள்ளே சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்!

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்புக் குஞ்சுகள் ஈர மணலில் துடுப்புக் கால்களைத் தள்ளித் தள்ளிப் போயின. ஒன்று அலை தொடும் இடம்வரை போய், திரும்ப மணலுக்கே தள்ளப்பட்டது. “பெரியம்மா, தூக்கி விடட்டுமா?” என்றாள் சிறுமி. “வேணாம் தங்கம், அதுவே போகும். அது நடக்குற மணல் ஞாபகத்துல இருந்தாத்தான், முட்டை போட இந்தப் பக்கம் திரும்பி வரும்னு சொல்வாங்க” என்றார் தோழி. நான்காவது அலை அதை எடுத்துக்கொண்டது.

கரையில் சற்றுத் தள்ளி, ஒரு பெரிய ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. ஆமைகளுக்கு நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் மாட்டினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியவையும் இதே இனம்தான். சிறுமியிடம் அதை மறைக்கவில்லை அவள் அம்மா.

மற்ற நேரமெல்லாம் ரெஸ்ட்தான். மீனவர்களின் கீற்றுக் கொட்டகைகள் பக்கம் நிழலில் உட்கார்ந்து, ஹாஸ்டல் சாம்பாரில் தொடங்கி யார் யார் கல்யாணத்துக்குப் போகவில்லை என்பது வரை பேசித் தீர்த்தார்கள். தங்குவதற்கு வனத்துறை விடுதி உண்டு. முன்பதிவு அவசியம். வேதாரண்யத்திலும் லாட்ஜ்கள் இருக்கின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ், அகஸ்தியம்பள்ளி வரை ரயில் என இரண்டும் கிடைக்கும்.

கிளம்பும் நாள் காலையில் தோழியின் கணவர் மரமேறி அந்த முதல் குலையை இறக்கினார். புயலுக்கு மறுவருடம் நட்ட கன்று அது. மூன்று இளநீர் சீவியாயிற்று. மீதியைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றப் பார்த்தார் தோழி.

“இவ்வளவையும் எப்படிடி தூக்கிட்டுப் போறது?”

“அப்போ இங்கேயே இருக்கட்டும். மே லீவுக்கு வந்து குடி. பாலைப்பழமும் வந்துடும்.”

சிறுமி அதற்குள் அப்பாவுக்கு போன் போட்டு, மே மாதத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள்.