படத்தில் என்னவோ இருக்குதாம்

ஹெந்தளையில் விடியற்காலை வெளிக்கிட்டு, வத்தளைச் சந்தியின் நெரிசலில் அரை மணித்தியாலம் நின்று, களனிப் பாலம் தாண்டிக் கொழும்புக்கு வந்து, நம்பர் எடுத்துக் காத்திருந்தால் கடைசியில் டொக்டருக்கு முன்னால் கிடைப்பது ஐந்து நிமிடம். அவர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மொகுத் நே" என்கிறார். ஒன்றுமில்லையாம். கையிலிருக்கிற ரிப்போர்ட்டிலோ விளங்காத இரண்டு வரி. தலையிடியும் கைவிறைப்பும் வந்த மாதிரியே வீட்டுக்குத் திரும்புகின்றன.

அந்த இரண்டு வரி பெரும்பாலும் மூளையின் வெள்ளைப் பகுதியில் தெரியும் சிறு புள்ளிகளைப் பற்றியது. "நொன் ஸ்பெசிஃபிக்" என்று எழுதியிருந்தால், அந்தப் புள்ளிக்குப் பல காரணங்கள் இருக்கலாம், எது என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று அர்த்தம். வயது, பிரஷர், சீனி வருத்தம், சிகரெட், ஒற்றைத் தலையிடி எல்லாமே அப்படிப் புள்ளி போடும். நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகரில் சாதாரண மக்கள் 2000 பேரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. அவர்களில் 7.2 வீதமானோருக்குத் தாங்களே அறியாமல் சிறு இரத்த அடைப்பு வந்துபோன தடம் இருந்தது. தேடினால் ஏதாவது அகப்படும். அகப்பட்டதுதான் உங்கள் வருத்தத்துக்குக் காரணமா என்பது வேறு கேள்வி. மறுபக்கமும் உண்டு: ஒற்றைத் தலையிடி, வலிப்பு இரண்டிலும் படம் முழுச் சுத்தமாக வரலாம். படம் சுத்தம் என்பதற்காக நோவு பொய்யாகிவிடாது.

ரிப்போர்ட் எழுதுகிற கதிரியக்க வைத்தியர் பெரும்பாலும் உங்களைக் கண்டிருக்கவே மாட்டார். அவரிடம் இருப்பது படமும் ஒரு துண்டுச் சீட்டும்தான். அதில் "தலையிடி" என்று மட்டும் இருந்தால் பதிலும் அவ்வளவுக்குத்தான் இருக்கும்.

படம் குழப்பினால் ஆளைப் பார்க்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை வேலூர்க் கதை. 1980களில் இந்தியாவில் வலிப்பு வந்தவர்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால், பலருடைய மூளையில் சிறு மோதிரம்போல ஒரு வளையம் தெரிந்தது. காசநோய்க் கட்டியாக இருக்கும் என்று மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மாத்யூ சாண்டி, ராஜசேகர் முதலிய மூளை அறுவை மருத்துவர்கள் அந்தத் திசுவை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் இருந்தது நாடாப்புழுவின் குடம்பி. 1991இல் அதை எழுதி வெளியிட்டார்கள். அவற்றில் பல தாமாகவே சிறுத்து மறைந்துபோகிறவை. பிறகு அவர்கள் வகுத்த விதியில் படத்தோடு ஆளின் நிலையும் சேர்ந்தது: வளையம் 20 மில்லிமீற்றருக்கு மேல் இல்லை, கைகால் பலவீனம் கூடிக்கொண்டு போகவில்லை, மூளைக்குள் அழுத்தம் ஏறிய அறிகுறி இல்லை, உடம்பில் வேறெங்கும் காசநோயோ புற்றுநோயோ இல்லை. இவ்வளவும் பொருந்தினால் வலிப்பு மருந்து கொடுத்து, கொஞ்சக் காலம் விட்டு மறுபடி ஸ்கேன்.

"பொறுத்துப் பார்ப்போம்" என்பதும் வைத்தியம்தான். ஆனால் அதற்கு ஒரு திகதி வேண்டும். எப்போது மறுபடி பார்ப்பது, இடையில் என்ன நடந்தால் உடனே வருவது என்று இரண்டையும் சொல்லி அனுப்புகிற டொக்டர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அவற்றைச் சொல்லாமல் கை காட்டினால், எழும்ப முதல் நீங்களே கேளுங்கள்: "இந்தப் புள்ளிக்கும் என் வருத்தத்துக்கும் தொடர்பு இருக்குதா டொக்டர்? இல்லையென்றால் வருத்தத்துக்குக் காரணம் என்ன? அடுத்தது எப்போது?" பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னொரு நரம்பியல் நிபுணரிடம் போவதில் துரோகம் எதுவுமில்லை.

தமிழருக்கு இங்கே இன்னொரு சிக்கல். நாங்கள் "விறைப்பு" என்றால் மரத்துப்போவதும் அதுதான், இறுகிப்போவதும் அதுதான். கூடப்போன பிள்ளை அதைச் சிங்களத்தில் எப்படி மாற்றுகிறதோ, அந்த வழியில்தான் டொக்டரின் யோசனையும் போகும். தலைச்சுற்றும் அப்படியே: அறை சுற்றுகிறதா, கண் இருட்டிக்கொண்டு வருகிறதா? முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்னென்ன குளிசை. அரைப் பக்கம் போதும். நாலு பக்கம் கொண்டுபோனால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுவது, கை சட்டென்று விழுவது, பேச்சுக் குழறுவது, இதுவரை அறியாத கடும் தலையிடி இடிபோல் வருவது, வலிப்பு நிற்காமல் தொடர்வது: இவற்றில் ஒன்று வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும்.

படங்களை மெத்தைக்கு அடியில் வைக்காதீர்கள், வெக்கைக்கு ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். படம் பதிந்த சீ.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் அதே புள்ளி வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா என்று சொல்ல இந்தப் பழைய படம்தான் வேண்டும். கனடாவிலிருக்கும் மச்சானின் தெரிந்த டொக்டருக்குக் காட்டுவதென்றாலும், விளக்கு வெளிச்சத்தில் பிடித்து எடுத்த வட்ஸ்அப் படத்தில் அவருக்குத் தெரியப்போவது உங்கள் பெருவிரல் மட்டுமே.