முதல் பத்துப் பக்கம்

எடின்பரோ நூலகத்தில் இலக்கிய முகவர்களின் பட்டியலைப் புரட்டிய ஜே.கே. ரவுலிங், பெயர் பிடித்திருந்ததால் கிறிஸ்டோபர் லிட்டில் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். அது 1995ஆம் ஆண்டு. தட்டச்சு செய்த மூன்று அத்தியாயங்களைத் தபாலில் அனுப்பினார். லிட்டில் அப்போது குழந்தைகள் நூல்களைக் கையாளவில்லை. தாள்கள் நிராகரிப்புக் கூடைக்குப் போயின. அங்கே வேலை பார்த்த பிரையனி ஈவன்ஸ் என்ற இளம்பெண் அவற்றை எடுத்துப் படித்தார். கதையில் இருந்த நகைச்சுவை அவருக்குப் பிடித்துவிட்டது. மீதியையும் வரவழைக்கச் சொன்னார். பல பதிப்பகங்கள் மறுத்த பிறகு, 1997இல் ப்ளூம்ஸ்பரி அந்த நாவலை வெளியிட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் டெல்லியில் இருந்த அருந்ததி ராயின் கைப்பிரதியைப் படித்த பதிப்பாசிரியர் பங்கஜ் மிஸ்ரா அதை லண்டனுக்கு அனுப்பினார். படித்த முகவர் டேவிட் காட்வின் விமானம் ஏறி டெல்லிக்கே வந்துவிட்டார். அந்த நாவல்தான் 1997இல் புக்கர் பரிசு பெற்றது.

இரண்டு கதைகளிலும் நடந்தது ஒன்றுதான். யாரோ ஒருவர் பக்கத்தைப் புரட்டினார், கீழே வைக்க முடியவில்லை. இன்றும் முகவர் தேடுவது அந்த அனுபவத்தைத்தான். ஆனால் அந்தப் பக்கம் அவர் கண்ணில் படுவதற்கு முன் எழுத்தாளர் தாண்ட வேண்டிய படிகள் பெருகிவிட்டன.

அன்று தபால் செலவே ஒரு வடிகட்டியாக இருந்தது. திரும்பி வருவதற்கும் தபால்தலை ஒட்டிய உறை வைக்க வேண்டும். நம் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவர்களுக்கு அந்த உறையை நன்றாகத் தெரியும். இன்று மின்னஞ்சல் அல்லது இணையப் படிவம். அமெரிக்க முகவர்கள் பெரும்பாலும் சுமார் 300 சொற்களில் ஒரு கடிதமும் முதல் ஐந்து பத்துப் பக்கங்களும் கேட்கிறார்கள். பிரிட்டனில் கதைச்சுருக்கமும் மூன்று அத்தியாயங்களும் வழக்கம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதவில்லை என்ற உறுதிமொழியைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பதில் வராவிட்டால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குறிப்புச் சீட்டோடு திரும்பி வந்த உறை இதைவிட மரியாதையானது என்றே நினைக்கிறேன்.

என்னை உறுத்துவது இன்னொன்று. சமீப ஆண்டுகளில் வந்த எந்த நூல்களைப் போன்றது உங்கள் நாவல் என்று கேட்கிறார்கள். விற்பனைப் பிரிவுக்கு அந்த விடை தேவைதான். ஆனால் எதைப் போலவும் இல்லாத நாவலை எழுதியவர் அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவார்?

முகவரின் வேலையும் மாறியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் இத்தொழிலைத் தொடங்கிய ஏ.பி. வாட் பத்து சதவீதம் வாங்கினார், இன்று பதினைந்து. அதற்கேற்ப வேலையும் கூடியிருக்கிறது. பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன் முகவரே எழுத்தாளரோடு உட்கார்ந்து பலமுறை திருத்துகிறார். ஆகவே குரலோடு கூடவே, திருத்த இசையும் மனத்தையும் தேடுகிறார். முன்பு பதிப்பாசிரியர் மேசையில் நடந்த வேலை இது.

சிறுகதைத் தொகுப்பு என்றால் இன்றும் பல முகவர்கள் தயங்குகிறார்கள். ஆனால் 2025இல் சர்வதேச புக்கரை வென்றது பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள்தான், தீபா பாஸ்தியின் ஆங்கிலத்தில். தொகுப்பு ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. பரிசுக் குழு படித்தது மொழிபெயர்ப்பைத்தான். தமிழ் தெரியாத முகவரிடம் போகும் தமிழ்ப் புனைவுக்கும் இதே நிலைதான்: அவர் படிக்கப்போகும் முதல் பத்துப் பக்கம் மொழிபெயர்ப்பாளர் எழுதியது.