ஈரம் தங்கும் பணியிடம், இளைக்கும் நுரையீரல்

மழைக்காலம் கழிந்தபின் கோப்பு அலமாரியைத் திறந்தால் எழும் புழுங்கல் வாடையை நம்மில் பலர் அறிவோம். காகிதக் கட்டின் மீது பூத்திருக்கும் பூஞ்சையைக் கையால் தட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறோம். அப்போது பறக்கும் நுண்வித்துகள் எங்கே செல்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

பூஞ்சைக்கு ஈரமும் சிறிது உணவும் போதும். காகிதம், அட்டை, மரம், ஒட்டுப்பசை, சுவரில் படிந்த தூசி ஆகிய யாவும் அதற்கு உணவே. அதன் மிகச் சிறிய வித்துகள் மூச்சுக்குழாயைக் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றடைகின்றன. பலருக்குத் தொல்லை தும்மல், கண் அரிப்பு, இருமல் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் மிகுகிறது. வேறு சிலருக்கோ உடலின் எதிர்ப்பாற்றலே நுரையீரலைத் தாக்கத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதனை மிகையுணர்வு நுரையீரல் அழற்சி என்பர்.

குளிர்விப்பானும் ஒரு காரணம்

நம் நாட்டில் 19 நகரங்களின் 27 மருத்துவ மையங்களில் நுரையீரல் இடைத்திசு நோயுற்ற 1,084 பேரை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2017இல் வெளியிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இருந்தது இந்த அழற்சியே. அவ்வாறு பாதிக்கப்பட்டோரில் பாதிப்பேர் ஏர்கூலர் காற்றுக்கு ஆட்பட்டவர்கள். வட மாநிலங்களின் கடைகளிலும் பட்டறைகளிலும் கோடை முழுதும் ஓடும் ஏர்கூலரின் நனைந்த புல்தட்டிகள் பூஞ்சைக்கு ஏற்ற இருப்பிடமாகிவிடுகின்றன.

கரும்புச் சக்கையின் தூசி

ஆலையிலிருந்து வெளிவரும் கரும்புச் சக்கையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. அதனைக் குவித்து மாதக்கணக்கில் வைத்தால் குவியலின் உட்புறம் சூடேறி, வெப்பத்தை விரும்பும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. பின்னர் காய்ந்த கட்டுகளைப் பிரிக்கும் தொழிலாளி அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார். சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. வேலைக்குச் செல்லாத நாள்களில் குணம். திரும்பிச் சென்றால் மீண்டும் அதே துன்பம். இதனைச் சளிக்காய்ச்சல் என்றோ காசநோய் என்றோ கருதிவிடுவது எளிது. ஆண்டுகள் கடந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். அந்தத் தழும்பை மருந்தால் அகற்ற இயலாது.

'பகாசோசிஸ்' எனப்படும் இந்நோய் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாக இடம்பெற்றது. கரிமத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் காற்றறை அழற்சியும் அதே அட்டவணையில் இருந்தது. ஆகவே நோயின் காரணத்தை உரிய காலத்தில் கண்டறிவது தொழிலாளியின் உடல்நலத்தோடு அவருடைய உரிமையையும் காக்கும்.

நாம் செய்யத்தக்கவை

தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்களுக்கு இதில் பெருஞ்செலவு இல்லை.

• கூரைக் கசிவையும் குழாய்க் கசிவையும் முதலில் அடைக்க வேண்டும். ஈரம் நீங்காத சுவருக்கு வண்ணம் பூசினால் பூஞ்சை மறையுமேயன்றி அழியாது.

• நனைந்த கோப்புகளையும் விரிப்புகளையும் இரண்டு நாள்களுக்குள் உலர்த்துக. உலர்த்த இயலாதவற்றை அப்புறப்படுத்துக.

• ஏர்கூலரின் தட்டிகளைக் கோடைதோறும் மாற்றுக. தொட்டியை அடிக்கடி கழுவி, பயன்படுத்தாத மாதங்களில் உலரவிடுக.

• அலமாரிகளைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் காற்றோட்டத்திற்கு இடமளிக்கவும்.

• பூஞ்சை படிந்த இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்கவும். அப்பணியைச் செய்வோருக்கு என்95 முகக்கவசம் வழங்கவும்.

பணிநாளில் மிகுந்து விடுப்பில் தணியும் இருமல் எவருக்கேனும் இருந்தால், மருத்துவரிடம் தாம் செய்யும் வேலையையும் வேலை செய்யும் இடத்தையும் அவர் விளக்கிக் கூற வேண்டும். அந்த ஒரு தகவலே நோயை உரிய வேளையில் இனங்காண உதவக்கூடும். இயந்திரத்திற்கும் இருப்புச் சரக்கிற்கும் காப்பீடு செய்யும் நாம், அவற்றை இயக்குவோரின் மூச்சையும் நம் பொறுப்பாகக் கொள்வோமாக.